இடைநின்றோர்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோரும் பருவமெய்திய பிள்ளைகளும் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்பது நம்மிடையே இன்றும் வழங்கும் முதுமொழி. பிள்ளை வளர வளரப் பெற்றோரும் தம் நிலையை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்னும் கருத்து நம் சமூகத்துக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்றாகும். எனினும், முதுமொழி சுட்டும் இலட்சியத்துக்கும் இல்லங்களில் நிகழ்ந்தவற்றுக்கும் இடைவெளி பெரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடும்ப வரலாற்றை நோக்குமிடத்து, பிள்ளை பன்னிரண்டு பதின்மூன்று வயதினை அடையும்போது பெற்றோர் அதற்குத் தோழராயினர் என்பதைக் காட்டிலும், அதனோடு நேரே பேசுவதைக் குறைத்துக்கொண்டனர் என்பதே பெருவழக்காகத் தோன்றுகின்றது. தந்தை மகளோடு பேசவேண்டியதைத் தாய் பேசினாள். மகன் தந்தையிடம் கேட்கவேண்டியதையும் தாயே கேட்டாள். தாயிடம் சொல்லவியலாதது அம்மம்மாவிடமோ மாமியிடமோ சொல்லப்பட்டது. சிறுபிள்ளையிடம் நேரே செல்லும் பேச்சு, பருவமெய்திய பிள்ளையிடம் பிறரொருவர் வழியாகச் சென்றது.

அவ்வாறு இடையில் நின்றவர் யாவர், காலந்தோறும் அவ்விடத்தை யார் யார் பற்றிக்கொண்டனர், அதனால் பெற்றோரின் பொறுப்பும் அதிகாரமும் எவ்வாறு மாறின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெற்றோர் கண்டிப்பானவர்களா, இளகியவர்களா என்னும் வினாவினும் இவ்வினாவே நம் வரலாற்றை விளக்குவதற்குப் பெரிதும் உதவுகின்றது.

பருவமும் இலக்கிய மரபும்

குழந்தைப் பருவத்துக்கும் முதிர்நிலைக்கும் இடைப்பட்ட காலத்தைத் தனியொரு வாழ்க்கைக் கட்டமாக எடுத்து விரிவாக ஆராய்ந்த முதன்மையான நவீன நூல், அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல் 1904இல் வெளியிட்டதாகும். அதனைக் கொந்தளிப்பு மிக்க பருவமாக அவர் கண்டார். அக்கொந்தளிப்பு எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதன்று என்பதைச் சமோவாத் தீவின் இளம்பெண்களைக்கொண்டு நிறுவ முயன்றார் மார்கிரெட் மீட். அவரது நூல் 1928இல் வெளிவந்தது. இவ்விருவருக்குமிடையிலான கருத்து வேறுபாடு ஓர் உண்மையை நமக்கு உணர்த்துகின்றது. உடல் வளர்ச்சி இயற்கையானது. ஆயின் அவ்வளர்ச்சியைச் சமூகம் எதிர்கொள்ளும் முறை வரலாற்றால் அமைவது.

தமிழ் மரபு இப்பருவத்தை அறியாததன்று. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்தன. பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கின்படி மங்கைப் பருவம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினையும் மடந்தைப் பருவம் பதினான்கு முதல் பத்தொன்பது வரையினையும் குறிக்கும். இன்று நாம் வளரிளம் பருவம் என வழங்குவது ஏறத்தாழ இவ்விரண்டையும் உள்ளடக்கியதேயாகும். அகப்பொருள் மரபில் இப்பருவத்துப் பெண்ணை வீட்டினுள் காவலில் வைத்தல் இற்செறிப்பு எனப்பட்டது.

காவலைக் கூறிய அதே மரபு, காவலுக்குள் இருப்பவளின் விருப்பம் பெற்றோரைச் சென்றடைவதற்கு ஒரு வழியையும் வகுத்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்கு வெளிப்படுத்துவாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பர். தந்தையும் தமையன்மாரும் குறிப்பினால் உணர்ந்துகொள்வர். இஃது இலக்கிய வழக்கேயாயினும், பருவமெய்திய பிள்ளையின் சொல் மூத்தோரை அடைவதற்கு இடைநிற்போர் தேவை என்பதையும், அவ்விடைநிற்போர் பிள்ளையின் நலம் நாடுவோராக இருத்தல் வேண்டும் என்பதையும் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று பகர்கின்றது. மேல் வரும் வரலாற்றுக்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

சுற்றமும் வழமையும்

யாழ்ப்பாணக் குடும்பத்தில் மகளின் பருவமாற்றம் ஒரே நாளில் ஊரறிய நிகழ்ந்தது. பெண் ‘பெரியபிள்ளை’ ஆனதும் அவள் தனியே இருத்தப்பட்டாள். உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை முதலியன அவளுக்கு ஊட்டப்பட்டன. குறித்த நாளில் நீராட்டிச் சாமத்தியச் சடங்கு நடைபெற்றது. தாய்மாமனும் மாமியும் இதில் முதன்மை பெற்றனர். குடிமை முறை நிலவிய காலத்தில் சலவைத் தொழில் செய்த குடும்பத்துப் பெண்ணுக்கும் விதிக்கப்பட்ட பணி ஒன்று இருந்தது. தந்தையோ பெரும்பாலும் செலவுக்கும் விருந்தோம்பலுக்கும் உரியவராகவே நின்றார். நேற்றுவரை மடியிலிருத்திய மகளிடமிருந்து அவர் விலகி நிற்பதே ஒழுங்காகக் கருதப்பட்டது. இச்சடங்கு மகளைக் கொண்டாடியது; அதேவேளை அவளைப் பற்றி முடிவு செய்யும் உரிமை தாய் தந்தையர்க்கு மட்டும் உரியதன்று, மாமன் முதலிய சுற்றத்தார்க்கும் உரியது என்பதையும் பறைசாற்றியது.

மகனுக்கு இத்தகைய நாளொன்று இல்லை. கமத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் தந்தையோடு துலாமிதித்து இறைக்கத் தொடங்கியபோது அவன் படிப்படியாக ஆளானான். அவனது நிலையை அறிய உதவுவது தேசவழமைத் தொகுப்பாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு உடன்பட்டபின் 1707இல் நடைமுறைக்கு வந்த இத்தொகுப்பு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேயர் ஆட்சியிலும் சட்டவலுப் பெற்றது. மணமாகாத காலத்தில் மகன் தேடியவை குடும்பத்தின் பொதுச் சொத்தைச் சேரவேண்டும் என்றும், அவன் அணிந்திருந்த பொன், வெள்ளி அணிகலன்களே இதற்கு விலக்கு என்றும் அது கூறுகின்றது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களது உடைமையில் மகன் எதனையும் உரிமையாகக் கோரவியலாது. மகளுக்கோ மணத்தின்போது சீதனம் கொடுக்கப்பட்டது. பழைய வழமைப்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன எனவும், போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்தது எனவும் அத்தொகுப்பே குறிப்பிடுகின்றது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? மகனாயினும் மகளாயினும் வளரிளம் பருவத்தினர் குடும்பச் சொத்தின் ஒழுங்குக்குள் வைத்தே நோக்கப்பட்டனர். மகன் உழைக்கும் கரம், மகள் கொடுத்தற்குரியவள். அவர்களது விருப்பத்தைக் கேட்டறிதல் வழமையின் பகுதியாக எழுதப்படவில்லை. ஆயினும் ஒரே வளவுக்குள்ளும் ஒரே ஒழுங்கையிலும் வாழ்ந்த பேரன் பேர்த்தி முறையினரும், மச்சான் மச்சாள் முறையினரும் எழுதப்படாத அவ்வேலையைச் செய்தனர். பெற்றோரிடம் அச்சம் காட்டிய பிள்ளை அம்மம்மாவிடம் உரிமையோடு பேசியது. மச்சாளோடு பகடி பேசியது. பெற்றோர் கண்டிப்புடன் இருக்க முடிந்தமைக்கு, கண்டிக்காத பிறர் அருகிலிருந்தமையும் ஒரு காரணம் எனலாம்.

மிசன் விடுதிகள்

இவ்வொழுங்கினுள் வெளியிலிருந்து புகுந்த முதலாவது வலிய இடைத்தரப்பு மிசன் பாடசாலையாகும். 1816இல் குடாநாட்டில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியை நிறுவினர். அடுத்த ஆண்டில் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். இவற்றுக்கு முன்னரும் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஆயின் திண்ணைப் பள்ளிப் பிள்ளை மாலையில் வீடு திரும்பிற்று. விடுதிப் பிள்ளை திரும்பவில்லை. வளரிளம் பருவம் முழுவதும் பெற்றோரின் கண்ணுக்கு அப்பால் கழியும் நிலை இதனால் தோன்றியது.

இவ்விடுதிகள் உணவும் உடையும் கல்வியும் அளித்தன. ஈடாகப் பிள்ளையைக் கேட்டன. அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயர்கள் மாணவர்க்கு இடப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆகிய பெயர்கள் இன்றும் அவ்வழக்கத்தை நினைவூட்டுகின்றன. பெயரிடுதல் தந்தைவழி உரிமையாகப் போற்றப்பட்ட சமூகத்தில், இம்மாற்றம் அக்கையளிப்பின் ஆழத்தைப் புலப்படுத்துகின்றது.

பெண்பிள்ளைகள் தொடர்பில் மிசன் நேரே மோதவேண்டியிருந்தது பூப்புடனாகும். பருவமெய்தியதும் மகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதும் மணம் பேசுவதும் பெற்றோரின் வழக்கம். அதனை எதிர்கொள்வதற்கு மிசனரிமார் சமயபோதனையை மட்டும் நம்பியிருக்கவில்லை. கல்வியை முடித்துக் கிறித்தவரை மணந்த மாணவியர்க்கு மிசனே சிறுதொகையைச் சீதனமாக வழங்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. மேலைநாட்டிலிருந்து வந்தோர் யாழ்ப்பாணப் பெற்றோரோடு பேரம் பேசுவதற்கு யாழ்ப்பாணத்தின் மொழியையே, அதாவது சீதனத்தையே, பயன்படுத்த நேர்ந்தமை கருதத்தக்கது. பெற்றோர் நிலையிலிருந்து நோக்கின், மகளை வீட்டில் வைத்துக் காத்தலும் விடுதிக்குக் கொடுத்தலும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல. இரண்டும் அவளை நல்ல இடத்தில் ‘சேர்ப்பிக்கும்’ வழிகளாகவே கணிக்கப்பட்டன.

மகன் தொடர்பில் அச்சம் வேறு வகையினதாக இருந்தது. மதம் மாறிய மகன் தந்தைக்குக் கொள்ளி வைப்பானா, திவசம் செய்வானா என்பன வெறும் உணர்ச்சி வினாக்கள் அல்ல. சைவக் குடும்பத்தின் தொடர்ச்சி பற்றிய வினாக்கள். சிறுபிள்ளை மிசன் பள்ளியில் வேதபாடம் ஒப்புவிப்பதைப் பொறுத்துக்கொண்ட பெற்றோர், பதினாறு பதினேழு வயது மகன் ஞானஸ்நானம் பெறுவதைப் பொறுக்கவில்லை. ஏனெனில் முன்னது பிள்ளையின் பாடம். பின்னது ஆளின் முடிவு. தம் மகன் தானே முடிவு செய்யும் ஆளாகிவிட்டான் என்பதைப் பல யாழ்ப்பாணப் பெற்றோர் முதன்முதலில் உணர்ந்தது இச்சந்தர்ப்பத்திலேயே எனக் கருத இடமுண்டு.

சைவ மறுமொழி

நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலரின் வாழ்க்கை இவ்வினாவோடு நேரடித் தொடர்புடையது. பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், மிசனின் ஆற்றல் எங்குள்ளது என்பதை உள்ளிருந்தே கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், படிமுறையாக அமைந்த பாலபாடங்களும் பெற்றோருக்கு ஒரு மாற்று வழியைத் திறந்தன: பிள்ளையை அந்நியரிடம் இழக்காமலே கல்விக்குக் கையளிக்கலாம். நாவலர் கல்வியில் ஒழுக்கம், ஆசாரம், பெற்றோரை வழிபடல் ஆகியவை பாடங்களாயின. முன்னர் இல்லத்தில் பழக்கத்தால் வந்தவை இப்போது அச்சிட்ட நூலால் கற்பிக்கப்பட்டன. பெற்றோருக்குக் கீழ்ப்படிதலைப் பெற்றோர் அல்லாத ஒருவர் கற்பிக்கும் நிலை இதனால் உறுதிப்பட்டது.

ஆங்கிலம் இன்றிப் பிள்ளைகளைப் பிடித்துவைக்க இயலாது என்பதையும் நாவலர் உணர்ந்திருந்தார். 1872இல் அவர் ஆரம்பித்த சைவாங்கில வித்தியாசாலை நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் அவ்வெண்ணம் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக உருப்பெற்றது. பெண்களுக்கு 1913இல் சேர். பொன். இராமநாதன் மருதனார்மடத்தில் விடுதியுடன் கூடிய கல்லூரியொன்றை நிறுவினார். பருவமெய்திய சைவப் பெண் வீட்டுக்கு வெளியே வாழ்ந்து கற்பது குலவொழுக்கத்துக்கு மாறானதன்று என்பதை ஏற்கச் செய்தமையே இக்கல்லூரியின் சமூகப் பயனாகும். நாடோறும் திரும்பும் வீட்டின் காவலுக்குப் பதிலாக விடுதி மதிலின் காவல் வந்தது. ஆயின் மங்கைப் பருவத்தோடு கல்வி முடிந்துவிடும் என்ற எல்லை பெயர்க்கப்பட்டது.

இவ்வாய்ப்புகள் யாவர்க்கும் ஒருங்கே கிட்டவில்லை என்பதையும் இங்கு கூறியே ஆகவேண்டும். தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கப்பட்ட சாதிகளின் பெற்றோருக்குப் பிள்ளையைக் கையளிப்பதா காப்பதா என்னும் தெரிவே நெடுங்காலம் இருக்கவில்லை. பள்ளியிற் சேர்த்தாலும் வாங்கில் சமமாக இருக்கும் உரிமை மறுக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டையொட்டி எழுந்த சமவாசனப் போராட்டம் வகுப்பறையில் சமமாக அமர்வதற்கான போராட்டமாகும். அவமதிப்பு உறுதி என அறிந்தும் பிள்ளையை அவ்வகுப்பறைக்கு அனுப்பிய பெற்றோரின் துணிவு, யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை.

சோதனையும் உத்தியோகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் யாழ்ப்பாண இளைஞர் வேலை பெற்றனர். ஆங்கிலச் சோதனையில் சித்தியடைந்த மகன், தந்தையின் காணியை எதிர்பார்த்திராத மகன் ஆனான். தேசவழமை வகுத்த தங்கிநிற்றல் இதனால் தலைகீழாயிற்று. குடும்பமே மகனது மாதச் சம்பளத்தையும் அதனால் உயர்ந்த மணச்சந்தைப் பெறுமதியையும் எதிர்பார்த்தது. தமக்கை தங்கையரைக் ‘கரைசேர்த்த’ பின்னரே தான் மணம் செய்யலாம் என்னும் கடமை அவன்மீது சுமத்தப்பட்டது. பதின்ம வயது, உழைக்கத் தொடங்கும் வயதாக இருந்த நிலை மாறி, பிற்காலத்து உழைப்புக்கான முதலீட்டுக் காலமாக மாறியது. ‘படி’ என்னும் ஒரு சொல்லில் பெற்றோரின் பேச்சு முழுவதும் அடங்கியது.

இவ்வாறு படிக்கவைக்கப்பட்டவர்களே பெற்றோரின் உலகைக் கேள்விக்குள்ளாக்கினர் என்பது இயல்பானதே. 1924இல் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலில் சாதி வேற்றுமையை எதிர்த்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. 1931இல் சட்டசபைத் தேர்தலைக் குடாநாட்டில் பகிஷ்கரிக்கச் செய்தது. இவ்வியக்கத்தில் ஆசிரியர் பெற்ற இடம் கவனிக்கத்தக்கது. வீட்டில் கேட்கவியலாத வினாவைப் பிள்ளை ஆசிரியரிடம் கேட்டது. அம்மம்மாவும் மாமனும் நின்ற இடத்தில் ஆசிரியர் நின்றார்.

1945இல் இலவசக் கல்வி வந்தபின் இந்நிலை பரவலாயிற்று. பெண்பிள்ளைகள் பெருந்தொகையாக இடைநிலைக் கல்வியைத் தொடர்ந்தனர். பூப்படைந்த பின்னரும் மகள் சைக்கிளில் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் செல்லும் காட்சி நாளடைவில் இயல்பாயிற்று. சாமத்தியச் சடங்கு மறையவில்லை. ஆயின் அதன் பொருள் மாறியது. முன்னர் அது வெளியுலகுக்கு விடை கூறும் நாள்; இப்போது சில நாள் விடுமுறையோடு கூடிய கொண்டாட்டம். மகனும் மகளும் ஒரே பரீட்சையை எதிர்நோக்கியமையால், இருவரின் வளரிளம் பருவமும் முதன்முறையாக ஒத்த வடிவம் பெற்றன.

ஆயின் பெற்றோர் தம் சொல்லின் முழுப் பாரத்தையும் பரீட்சைமீதே ஏற்றியிருந்தனர். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும் அதன்பின் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக வாயிலை யாழ்ப்பாண மாணவர்க்கு ஒடுக்கியபோது, அவ்வாக்குறுதி உடைந்தது. இதனை அரசியல் அநீதியாக மட்டும் வரலாற்றாசிரியர் நோக்குவர். குடும்ப வரலாற்றில் இதற்கு இன்னொரு பொருளுமுண்டு. ‘சொன்னபடி படித்தால் கிடைக்கும்’ என்று கூறிப் பிள்ளையை வழிப்படுத்திய பெற்றோரின் வாக்கு பொய்த்தது. அதற்கு மாற்றாகச் சொல்வதற்கு அவர்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. 1970இல் உருவான தமிழ் மாணவர் பேரவை முதலாகப் பின்னெழுந்த இயக்கங்கள் யாவும் அவ்வெற்றிடத்திலேயே பேசின.

போர்க்காலம்

1983க்குப் பின்னர் வளரிளம் பருவமே ஆபத்தான தகுதியாயிற்று. இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடிபடுவதற்கும் இயக்கங்களின் அழைப்புக்கு ஆளாவதற்கும் உரிய வயது ஒன்றாகவே இருந்தது. பிள்ளை எவ்வளவு சிறியதாகத் தோன்றுகின்றதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு என்று பெற்றோர் கருதிய காலமது. மீசை அரும்பிய மகனைக் கண்டு மகிழவேண்டிய தாய் அஞ்சினாள். முந்திய காலங்களில் பெற்றோர் தாமே தெரிந்து பிள்ளையை விடுதிக்கோ கல்லூரிக்கோ கையளித்தனர். இப்போது கையளிப்பு அவர்களைக் கேட்டு நடைபெறவில்லை. பாடசாலைக்குச் சென்ற பிள்ளை திரும்பவில்லை. பின்னர் ஒரு கடிதமோ, தோழன் வாய்ச்செய்தியோ வந்தது.

1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டதை எதிர்த்து அன்னையர் முன்னணி உருவாயிற்று. ‘என் பிள்ளையைத் தா’ என்னும் கோரிக்கையோடு தாய்மார் வீதிக்கு வந்தமை, வீட்டினுள் இடைநின்று பேசிய தாய் அரசோடு இடைநின்று பேசத் தொடங்கியமையைக் காட்டுகின்றது. எனினும், பிள்ளையைக் கேட்டது அரசுத் தரப்பு மட்டுமன்று. இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த காலத்தையும் இந்திய அமைதிப்படையின் காலத்தையும் பதிவு செய்த ‘முறிந்த பனை’ என்னும் நூல், இளைஞர் இயக்கங்களாற் பட்ட துயரையும் மறைக்காது கூறியது. அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990க்கும் 1995க்கும் இடையில் குடாநாடு விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இருந்தபோது வெளியேறுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இளைஞர்க்கு அதனைப் பெறுதல் அரிதாயிற்று. மின்சாரமற்ற அவ்வாண்டுகளில் ஜாம்போத்தல் விளக்கொளியில் பிள்ளைகள் படித்தனர். பதுங்குகுழியருகே புத்தகத்தை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு ஆயத்தம் செய்தமையைக் கல்விப் பற்றாக மட்டும் கொள்ளுதல் போதாது. பிள்ளையை வீட்டோடு பிணைத்துவைப்பதற்குப் பெற்றோரிடம் எஞ்சியிருந்த ஒரே கயிறு பரீட்சையாகும். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். இவ்விரு நிகழ்வுகளும், மற்றும் தொடர்ந்த பல பெயர்வுகளும், ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த சுற்றத்தைச் சிதறடித்தன. பெற்றோரும் பிள்ளையும் எஞ்சினர். இடைநின்று கேட்போர் எஞ்சவில்லை.

பெற்றோரின் காவல் இக்காலத்தில் இரு வழிகளில் வெளிப்பட்டது. முதலாவது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பல். காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் பதின்ம வயது மகனை முகவரிடம் ஒப்படைத்த பெற்றோர், காப்பதற்காகவே அவனை இழந்தனர். இரண்டாவது, இளவயது மணம். 2006க்கும் 2009க்கும் இடையில் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்பு உச்சமடைந்தபோது, மணமானோர் விலக்கப்படுவர் என்ற நம்பிக்கையில் பெற்றோர் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாக மணம் செய்வித்தனர். 1995இல் இலங்கையின் பொதுத் திருமணச் சட்டம் மணவயதைப் பதினெட்டாக உயர்த்தியிருந்தது. ஒரு நூற்றாண்டுக் கல்வி முயற்சியால் பின்தள்ளப்பட்ட இளவயது மணம், அச்சத்தினால் மீண்டும் வந்தது. முன்னர் மகளை இற்செறித்தது வழமை. இப்போது மகனையும் மகளையும் ஒருங்கே இற்செறித்தது போர்.

புலம்பெயர்ந்தோரும் போருக்குப் பிந்திய காலமும்

ரொறன்ரோ, இலண்டன், பரிஸ் முதலிய நகரங்களில் குடியேறிய குடும்பங்களில் இவ்வரலாறு எதிர்பாராத திருப்பமொன்றை எடுத்தது. புதிய நாட்டின் மொழியை விரைந்து கற்ற பிள்ளை, பெற்றோருக்காக வைத்தியரோடும் அலுவலரோடும் ஆசிரியரோடும் பேசியது. தன்னைப் பற்றிய ஆசிரியரின் முறைப்பாட்டையே பெற்றோருக்கு மொழிபெயர்க்கவேண்டிய பிள்ளையும் உண்டு. நெடுங்காலம் பிறர் வழியாகப் பேசப்பட்ட பிள்ளை, தானே இடைநிற்பவர் ஆயிற்று. பெற்றோரின் தங்கிநிற்றலை அறிந்த பிள்ளையிடம் பழைய கண்டிப்பு செல்லுபடியாகவில்லை. ஆயினும் சாமத்தியவிழா அங்கு மண்டபங்களில் முன்னிலும் ஆடம்பரமாக நடைபெறுவது, இழந்த சுற்றத்தை ஒரு நாளேனும் கூட்டிக் காண்பதற்கான வேட்கையாகவும் கொள்ளத்தக்கது.

குடாநாட்டில் 2009க்குப் பின் உயிரச்சம் நீங்கியது. ஆயின் குடும்பத்தின் அமைப்பு முன்போல் மீளவில்லை. கணவனை இழந்த அல்லது அவர் நிலை அறியாத பெண்கள் தனித்து வளரிளம் பிள்ளைகளை வளர்க்கின்றனர். வேறு பல இல்லங்களில் தந்தை வெளிநாட்டில் உழைக்கின்றார். அவரது கண்டிப்பும் அன்பும் கைப்பேசி வழியே வருகின்றன. பிள்ளையின் கையிலும் கைப்பேசி உண்டு. அதன் தோழமை பெற்றோர் அறியாதது. பாடசாலை முடிந்ததும் ரியூசன், அதன்பின் மீண்டும் ரியூசன் எனப் பகற்பொழுது முழுவதும் பரீட்சைக்கே அளிக்கப்படுகின்றது.

அரசும் இக்காலத்தில் ஓர் இடைத்தரப்பாகத் தெளிவாக உருப்பெற்றது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் இயற்றப்பட்டது. கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 2016 முதல் பதினாறாயிற்று. இவை பிள்ளையை உரிமையுடைய ஆளாகக் காண்பன. அவ்வகையில் தேசவழமைத் தொகுப்பு எழுதாது விட்டதை எழுதுவன. ஆயின் சட்டம் தீங்கு நேர்ந்தபின் வருவது. தீங்கு நேருமுன் பிள்ளை யாரிடம் வாய்திறக்கும் என்னும் வினாவுக்குச் சட்டத்திடம் விடையில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, யாழ்ப்பாணப் பெற்றோர் பருவமெய்திய பிள்ளையிடம் அன்பு குறைந்தவராக என்றும் இருந்ததில்லை என்பது தெளிவாகும். சீதனம், விடுதி, கல்லூரி, மலாயா, ரியூசன், வெளிநாட்டு முகவர், அவசர மணம் ஆகிய யாவும் பிள்ளைக்கு நல்லிடம் தேடிய முயற்சிகளே. அம்முயற்சிகளில் பெற்றோர் தம் உடைமை அனைத்தையும் செலவிட்டனர். செலவிடாதது பேச்சு ஒன்றே. அதனைப் பிறர் செய்வர் என அவர்கள் நம்பினர். ஒரு காலத்தில் அந்நம்பிக்கை பிழையானதாகவும் இருக்கவில்லை. சுற்றம் அருகிருந்தவரை, அம்மம்மாவும் மாமியும் மச்சாளும், பின்னர் ஆசிரியரும், தோழியும் செவிலியும் செய்ததைச் செய்தனர். அவர்கள் விலகிய இடத்தில் மிசன், பரீட்சை, இயக்கம் என்பன வந்து நின்றன. முன்னையோர் பிள்ளையின் சொல்லைப் பெற்றோரிடம் கொண்டுவந்தனர். பின்னையவை பிள்ளையையே கொண்டு சென்றன. இவ்வேறுபாடே இவ்வரலாற்றின் சாரமாகும்.

இடைநிற்போர் இல்லாத இல்லமே இன்று பெரும்பான்மை. எனவே முதுமொழி கூறிய தோழமை, முன்னோர்க்கு இலட்சியமாக மட்டும் இருந்தது, இன்றைய பெற்றோருக்குத் தவிர்க்கவியலாத கடமையாகியுள்ளது. நற்றாயே செவிலியாகவும் தோழியாகவும் இருத்தல் வேண்டும். குறிப்பால் உணர்வதாக இலக்கணம் விலக்கு அளித்த தந்தையும் வாய்திறந்து கேட்டல் வேண்டும். கேட்கப்படாத பிள்ளையைக் கேட்பதற்கு யாரேனும் ஒருவர் எப்போதும் வாயிலில் காத்திருந்தனர் என்பதே இரு நூற்றாண்டு யாழ்ப்பாண வரலாறு நமக்கு உரைக்கும் பாடமாகும்.